மிஸ்ஸியிட்ட கேளுங்க: வெறி இறங்கின பொறகு என்ன செய்யிறது?

இந்த முறை வந்த கடிதமும் வாட்ஸ்அப் வொய்ஸும் முக்கால்வாசி குடியும் ஐஸ் எண்ட மெத் போதையும்தான். வைகாசிச் சடங்கு முடிஞ்சு ஒண்டு ரெண்டு மாசத்துக்குள்ள ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான் வாறது, ஏன் எண்டு முதல் கேள்வியிலயே விளங்கும். நான் டொக்டர் இல்ல, மனநல வார்ட்லயும் வீடு வீடாப் போற வேலையிலயும் கிடந்து பென்சன் எடுத்த நேர்ஸ். டொக்டர்மார் வாசிச்சிட்டு மேசையில போட்டுட்டுப் போற ஆராய்ச்சிப் பேப்பர்கள எடுத்து வாசிக்கிற பழக்கம் மட்டும் இன்னும் விடல்ல.

கேள்வி: மிஸ்ஸி, எங்கட ஊர் படுவான்கரைப் பக்கம். மனிசன் 15 வருசமா நாளாந்தம் கசிப்புச் சாராயம். இந்த வருசம் வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்த அண்டைக்கு, கடைசிச் சடங்கான குளுத்தி முடியுமட்டும் தொடமாட்டன் எண்டு நேர்த்தி வெச்சார். அடுத்த நாளே கை நடுக்கம், நித்திரை இல்ல, ரெண்டாம் நாள் பின்னேரம் ஒரு வலிப்பு, கையில திறப்பக் குடுத்துட்டு இருந்தம். மூண்டாம் நாள் ராவு சுவரில பூச்சி ஊருது எண்டு அடிக்க வெளிக்கிட்டார். தெய்வம் வந்திட்டு எண்டு ஆக்கள் சொல்லி கோயில்ல பூசை செய்யிற கட்டாடியாரக் கூட்டி வந்தாங்க, விடிஞ்ச பொறகுதான் ஆஸ்பத்திரி. 8 நாள் வெச்சிருந்து டிக்கட் வெட்டி வீட்ட அனுப்பினாங்க. ஒரு மாசம் நல்லா இருந்தார், இப்ப பழையபடி. மருந்து செய்து என்ன பிரயோசனம்? திரும்ப நிப்பாட்டச் சொல்லவா, தலைவிதி எண்டு விடவா?

பதில்: புள்ள, முதல்ல ஒண்டு சொல்லுறன், திரும்பவும் வீட்டில வெச்சு "இண்டையோட நிப்பாட்டு" எண்டு சொல்லிராதிங்க. நாளாந்தம் நிறையக் குடிக்கிற உடம்பு குடியோடயே பழகிப் போயிருக்கும், அத சட்டெண்டு எடுத்தா மூளை ஓடுற வேகத்தப் பிடிச்சு வெச்சிருக்க ஒண்டும் இல்லாமப் போகுது. கடைசியாக் குடிச்சு 6 மணித்தியாலத்தில நடுக்கம் தொடங்கலாம், வலிப்பு வாறது எண்டா பெரும்பாலும் ரெண்டு நாளைக்குள்ள, ரெண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையிலதான் இந்தப் பூச்சி ஊருற, ஆள் தெரியாத, காய்ச்சலும் வேர்வையுமா கிடக்கிற கட்டம். நீங்க எழுதினத வாசிக்க புத்தகத்தில இருக்கிற மணிக்கணக்கு அப்பிடியே வருது. அம்மன் கோவிச்சதும் இல்ல, தெய்வம் வந்ததும் இல்ல, கவனிக்காம விட்டா ஆள் செத்தே போற வருத்தம் அது. நேர்த்தி வெச்ச மனசு நல்ல மனசுதான், அதக் குறை சொல்ல நான் வரல்ல, அடுத்த வருசம் கதவு திறக்க முதல் கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க எண்டுதான் சொல்லுறன். அங்க டயசிபாம் மாதிரி மருந்த கூட்டிக் குடுத்து நாளுக்கு நாள் குறைச்சு எடுப்பாங்க, அத பாமசியில வாங்கி வீட்டில குடுக்கிற விளையாட்டு வேணாம்.

அதோட பி1 விற்றமின் ஊசி. இதச் சொல்லேக்க எனக்கு இன்னும் நெஞ்சு குத்துது. நான் வேலைக்கு வந்த புதுசில, எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதிங்க, குடிச்சுக் கிடந்து சாப்பாடில்லாம வாற ஆளுக்கு முதல் வேலையா குளுக்கோஸ் சேலைன் ஏத்துவம், பி1 ஒருத்தருக்கும் நினைவு வராது. பி1 இல்லாத உடம்பில குளுக்கோஸ் போனா மிச்சம் இருக்கிற கொஞ்சத்தையும் அது தின்னுரும், கண் ஆடும், நடை தள்ளாடும், மறுகா ஞாபகமே கழண்டு போகும். அப்பிடி ஒரு ஐயா காலையில சாப்பிட்டத மத்தியானம் மறந்து, சாகுமட்டும் அப்பிடியே இருந்தவர். பி1ஐ முதல்ல குடு எண்டு புத்தகத்தில எப்பவோ எழுதியாச்சு. எங்கட வார்ட் ட்ரொலிக்கு அது வந்து சேரத்தான் காலம் எடுத்திச்சு.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். 8 நாள் வைத்தியம் வேலை செய்தது, அது ஆளச் சாகாமக் காப்பாத்திற வேலை. குடி திரும்பி வராமப் பாக்கிறது வேற வேலை, அது டிக்கட் வெட்டின அண்டைக்குத்தான் தொடங்கணும், உங்களுக்கு ஒருத்தரும் அதச் சொல்லி அனுப்பல்ல. அதுக்கு மருந்து இருக்கு, அகாம்ப்ரோசேற் எண்டு ஒண்டு, நல்ட்ரெக்சோன் எண்டு ஒண்டு. 2014ல 122 ஆராய்ச்சிகள ஒண்டாச் சேத்துப் பாத்தாங்க. அகாம்ப்ரோசேற் 12 பேருக்குக் குடுத்தா ஒருத்தர் கூடுதலா குடிக்குத் திரும்பாம நிக்கிறார், நல்ட்ரெக்சோன் 12 பேருக்குக் குடுத்தா ஒருத்தர் கூடுதலா கண்மண் தெரியாமக் குடிக்கிற நிலைக்குப் போகாம தப்புறார். பெரிசா இல்லையே எண்டு நினைப்பிங்க, ஆனா புத்திமதிய மட்டும் நம்பிற ஊரில இது பெரிய விசயம். ஈரல் டெஸ்ட், கிட்னி டெஸ்ட் பாத்துத்தான் எது பொருந்தும் எண்டு சொல்லுவாங்க, அதால பேர எழுதிக் கொண்டு போய் மனநல கிளினிக்கில நேராக் கேளுங்க, கேக்கிறதுக்குக் கூச்சப்படாதிங்க. திரும்பக் குடிச்சத வெச்சு வைத்தியம் தோத்தது எண்டு முடிவெடுக்காதிங்க. போதைக்கு வைத்தியம் செய்த ஆக்கள்ல 40 தொடக்கம் 60 வீதம் பேர் ஒரு வருசத்துக்குள்ள திரும்பிப் போறாங்க எண்டு 2000ஆம் ஆண்டு ஒரு அமெரிக்கக் கட்டுரையில கணக்குப் போட்டாங்க, அதே கட்டுரையில பிரசர், ஆஸ்துமா ஆக்களுக்கு வருத்தம் திரும்பக் கூடுறது 50 தொடக்கம் 70. பிரசர் கூடினா மாமியத் தலைவிதி எண்டு விடுறமா? குளிசைய மாத்தித் தாங்க எண்டு கிளினிக் கொப்பியோட போறம்தானே.

கேள்வி: எனக்கு ஒரே மகன், 22 வயசு, வாப்பா கட்டார்ல. ஐஸ் பாவிக்கான் எண்டு தெரிய வந்து 5 மாசம். போன வித்துட்டான், என்ட காப்பையும் எடுத்துட்டான். பொலிஸ்ல புடிச்சுக் குடுத்து சென்டருக்கு அனுப்புங்க எண்டு ஊரில சொல்றாங்க. கிளினிக்குக்கு வா எண்டா வரமாட்டன் எண்டு நிக்கான். நான் என்ன செய்யிற? (சாய்ந்தமருதில இருந்து ஒரு உம்மா)

பதில்: ராத்தா, உங்கட வொய்ஸ ரெண்டு தரம் கேட்டன். ஊர் சொல்லுறதுக்கு முதல் மறுமொழி: அடைச்சு வெச்சா ஐஸ் கையில கிடைக்காது, அவ்வளவுதான், அது வைத்தியம் ஆகாது. 2012ல ஐ.நா.ட 12 அமைப்பு சேந்து, கட்டாயப்படுத்தி அடைக்கிற போதை நிலையங்கள மூடுங்க, விருப்பத்தோட வாற வைத்தியத்த ஊருக்குள்ள குடுங்க எண்டு அறிக்கையே விட்டாங்க. எங்கட நாட்டில 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில கட்டாயமா அனுப்ப வழி இருக்கு, அது கடைசி வழி எண்டு நான் சொல்லுவன். முதல் வழியே அதுதான் எண்டு சொல்லுற ஆக்களோட எனக்கு ஒத்துப் போகாது.

ஐஸுக்கெண்டு அங்கீகரிச்ச மருந்து இன்னும் இல்ல, இருக்கு எண்டு பேஸ்புக்ல யாரும் சொன்னா நம்பாதிங்க. 2021ல அமெரிக்காவில நல்ட்ரெக்சோன் ஊசியையும் பியூப்ரோபியன் குளிசையையும் சேத்துக் குடுத்துப் பாத்ததில 13.6 வீதம் பேருக்குப் பலன், ஒப்பிட்டுப் பாக்க மருந்தே இல்லாத சும்மா ஊசி, குளிசை எடுத்தவங்கள்ல 2.5. நல்ல சேதி, ஆனா கொஞ்சம்தான். இதவிட நல்லா வேலை செய்யிறது கேக்கச் சிரிப்பு வாற விசயம், பரிசு குடுக்கிறது. நான்சி பெற்றி எண்ட ஒரு அமெரிக்க அம்மா 2000ல எழுதினா, குடிய விட வந்த ஆக்கள் சுத்தமா வாற ஒவ்வொரு தரமும் ஒரு பாத்திரத்தில கைய விட்டு சீட்டு எடுக்கலாம், சில சீட்டில பரிசு ஒண்டும் இல்ல, மிச்சத்தில கூடுதலா சின்னச் சின்னப் பரிசு, ஒண்டே ஒண்டு மட்டும் ஆகப் பெரிசு. கார்னிவல்ல லக்கி டிப் மாதிரித்தான் கா. மறுகா சலத்தப் பரிசோதிச்சுப் பாத்து இதையே ஐஸ், கொக்கெய்ன் ஆக்களோடயும் செய்தாங்க, அங்கயும் சரி வந்திச்சு. இதப் படிச்ச நேரம் நானும் இதென்ன சின்னப்புள்ள வேலை எண்டுதான் நினைச்சன், ஆனா ஐஸ் குடுக்கிறது உடனச் சந்தோசம், நாங்க குடுக்கிறது பத்து வருசத்துக்குப் பிறகு வாற நல்ல வாழ்க்கை எண்ட வாக்குறுதி, அந்தப் போட்டியில ஆர் வெல்லுவா எண்டு யோசிச்சா விளங்கும். அமெரிக்காவில பழைய படையாக்கள்ட ஆஸ்பத்திரிகள்ல 2011ல இருந்து இத வழமையா செய்யிறாங்க.

வரமாட்டன் எண்டு நிக்கிறவனுக்கு என்ன வழி எண்டுதானே கேட்டிங்க. அதுக்கும் ஒண்டு இருக்கு, வைத்தியம் உங்களுக்கு, அவனுக்கில்ல. கிராஃப்ட் எண்டு பேர், ரொபர்ட் மேயர்ஸ் எண்டவர் தொடக்கினது. 1999ல 130 குடும்பத்த வெச்சு ஒப்பிட்டாங்க. கூட்டமா உக்காந்து நேருக்கு நேர் கேட்டு மடக்கிற முறையில 30 வீதம் பேர் வைத்தியத்துக்கு வந்தாங்க, குடும்பம் விலகி நிக்கிற முறையில 13, இந்த முறையில 64. என்ன செய்யிறது எண்டா, அவன் தெளிவா இருக்கிற நேரம் நீங்களும் கூட இருங்க, அவனுக்குப் புடிச்சத ஆக்கிக் குடுங்க, பேசாம டிவி பாத்தாலும் சரி. பாவிச்சிட்டு வந்த நேரம் அழவும் வேணாம் ஏசவும் வேணாம், அறைக்குள்ள போயிருங்க, அவன் செய்து வெச்ச குழப்பத்த நீங்க துடைச்சு வைக்காதிங்க, கடனையும் கட்டாதிங்க. கிளினிக் நாள் மணித்தியாலம் எல்லாம் முதல்லயே கேட்டு வெச்சிருங்க, ஒரு நாள் அவனே "என்னால ஏலாது உம்மா" எண்டு சொல்லுவான், அந்த நேரம் "அடுத்த கிழமை பாப்பம்" எண்டா போச்சு, அடுத்த நாளே கூட்டிட்டுப் போக ஏலணும். கை நீட்டினா மட்டும் அங்க நிக்க வேணாம், பக்கத்து வீட்டுக்குப் போயிருங்க. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைட 1927க்கு நீங்களே எடுத்துக் கதைக்கலாம், மகன் எடுக்கணும் எண்டு இல்ல.

கேள்வி: அக்கா, நான் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில ஒரு பிரதேச வைத்தியசாலையில நேர்ஸ். போதைக்கு ஆராய்ச்சியில வந்த வைத்தியமெல்லாம் ட்ரெயினிங்ல சொல்லித் தாறாங்க, பைலையும் தாறாங்க. திரும்பி வந்தா ஓபிடியில 120 பேர், ரெண்டு டொக்டர், பைல் அலுமாரியில. இதெல்லாம் எங்கட இடத்துக்கு ஒத்து வருமா?

பதில்: தங்கச்சி, நீங்க கேட்டதுதான் சரியான கேள்வி, என்ட வாழ்க்கை முழுக்க இதோடதான் மல்லுக்கட்டினன். உங்கட அலுமாரி மட்டும் இல்ல, உலகம் முழுக்க இந்த அலுமாரி இருக்கு. ஆராய்ச்சியில வந்த விசயத்தில 14 வீதம்தான் நோயாளிக்குப் போய்ச் சேருது, அதுக்கும் 17 வருசம் எடுக்குது எண்டு 2000ல ரெண்டு பேர் கணக்குப் பாத்து எழுதினது இன்னும் எல்லாரும் சொல்லுற கணக்கு. அமெரிக்காவில காசு இருந்தும் இதே கதை, அதால 1999ல ஆராய்ச்சிக்காரரையும் ஊர் கிளினிக்காரரையும் ஒரே வலைக்குள்ள கொண்டு வந்தாங்க, சாதாரண கிளினிக்கில சாதாரண நோயாளியள வெச்சே பாப்பம் எண்டு. மேல சொன்ன, ஐஸுக்கு ஊசியும் குளிசையும் குடுத்துப் பாத்த ஆராய்ச்சி அந்த வலைக்குள்ள நடந்ததுதான்.

எல்லாத்தையும் கொண்டு வர ஏலாது, கொண்டு வரவும் வேணாம். சலம் டெஸ்ட் பண்ணக் கிட் இல்லாத இடத்தில சீட்டு எடுக்கிற விளையாட்டு எப்பிடி நடத்திற? ஆனா காசில்லாம வாறதுகள் இருக்கு. மூண்டு கேள்வி, ஓடிற் சி எண்டுவாங்க. எத்தின நாளைக்கு ஒருக்கா குடிப்பிங்க, குடிக்கிற அண்டைக்கு எவ்வளவு, ஒரே இருப்பில ஆறு ட்ரிங்கோ கூடவோ போறது எத்தின தரம். ஒவ்வொரு மறுமொழிக்கும் புள்ளி இருக்கு, அதக் கூட்டிப் பாக்கிறது. ஆம்பிளைக்கு 4 புள்ளி வந்தாலே கவனிக்கணும். பிரசர் பாக்கிற நேரம் பட்டி கையில இறுகி நிக்கிற அந்த ஒரு நிமிசத்திலயே கேட்டு முடிச்சிரலாம், நான் அப்பிடித்தான் கேட்டன், பிரசர எழுதிற கோட்டுக்குக் கீழ அந்தப் புள்ளிய எழுதினன். ஆரம்பத்தில டொக்டர்மார் இதென்ன நம்பர் எண்டு கேப்பாங்க, பொறகு அவங்களே "மிஸ், நம்பர் போடல்ல" எண்டு கொப்பியத் திருப்பி அனுப்பத் தொடங்கிட்டாங்க.

ஆக்கள் இல்ல எண்டுறிங்க. கோவாவில 10 ஆரம்ப சுகாதார நிலையத்தில 377 குடிக்கிற ஆம்பிளையள வெச்சு ஒரு ஆராய்ச்சி செய்து 2017ல லான்செற்ல போட்டாங்க. கவுன்சிலிங் குடுத்தது டொக்டரும் இல்ல நேர்சும் இல்ல, அதே ஊர் ஆக்கள், கொஞ்ச நாள் பழக்கி எடுத்தவங்க, கூடினா நாலு தரம் இருந்து கதைச்சாங்க. மூண்டு மாசத்தால பாத்தா குடி ஆபத்தில்லாத அளவுக்கு வந்தவங்க 36 வீதம், வழமையான வைத்தியம் மட்டும் எடுத்தவங்கள்ல 26. கடைசி ரெண்டு கிழமை ஒரு சொட்டும் தொடாதவங்க 42க்கு 18. கோவா எங்கட கரை மாதிரித்தான், கடலும் தென்னையும் மீன்காரரும். உங்கட ஊரில மாதர் சங்கம் இருக்கு, சுகாதாரத் தொண்டர்கள் இருக்காங்க, ஏலாது எண்டு சொல்லாதிங்க.

மற்றது இந்த ரெஃபரல் துண்டு. நாங்க எழுதிக் குடுக்கிறம், அவர் சேர்ட் பொக்கற்றில மடிச்சு வைக்கிறார், சேர்ட்ட மனிசி தோய்க்கிறா, துண்டு கரைஞ்சு போகுது, இதுதான் எங்கட ரெஃபரல். 2015ல அமெரிக்காவில நியூ ஹேவன்ல ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில ஹெரோயின், மாத்திரை எண்டு பழகின 329 பேர மூண்டாப் பிரிச்சாங்க. துண்டு மட்டும் குடுத்தவங்கள்ல ஒரு மாசத்தால வைத்தியத்தில நிண்டது 37 வீதம், கொஞ்ச நேரம் கதைச்சு நாள் எடுத்துக் குடுத்தவங்கள்ல 45, அங்கயே அப்பவே ஹெரோயினுக்குப் பதிலாக் குடுக்கிற பியூப்ரெநோர்பின் மருந்தத் தொடங்கி அனுப்பினவங்கள்ல 78. மருந்து உங்கட கையில இல்லாட்டியும் இதில இருந்து எடுக்க ஒண்டு இருக்கு, ஆள் உங்களுக்கு முன்னால இருக்கிற நேரம்தான் நேரம். அங்க இருந்தே கிளினிக்குக்கு போன் எடுங்க, நாள வாங்குங்க, வீட்டு நம்பர எழுதி வெச்சு முதல் நாள் ஒரு கோல் குடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு கோல், டீ குடிக்கிற நேரம்.

இன்னொண்டு, கோவிக்கக் கூடாது. டிக்கட்ல "குடிகாரன்" எண்டு எழுதாதிங்க, வார்ட்ல சத்தமா அப்பிடிக் கூப்பிடாதிங்க. 2010ல 500க்கு மேற்பட்ட மனநல வைத்தியத் துறை ஆக்களுக்கு ஒரே நோயாளிட கதைய ரெண்டு விதமா எழுதிக் குடுத்தாங்க, ஒண்டில "போதைக்காரன்" எண்ட மாதிரி, மற்றதில "போதை நோய் உள்ளவர்" எண்ட மாதிரி. படிச்ச ஆக்கள்தான், ஆனாலும் முதல் கதைய வாசிச்சவங்க அவர்லதான் பிழை, தண்டிச்சாலும் சரி எண்ட பக்கம் கூடச் சாஞ்சாங்க. ஒரு சொல்லு செய்யிற வேலையப் பாருங்க. நானும் கத்தினவள்தான், சத்தி எடுத்த பாயக் கழுவிக் கழுவி அலுத்துப் போய் "ஏன் இவன அட்மிட் பண்ணின" எண்டு ஆளுக்கு முன்னாலயே கேட்டிருக்கன். அவர் பிறகு வரவே இல்ல, எங்க போனார் எண்டும் தெரியாது.

கேள்வி: தம்பி குடு (ஹெரோயின்) பாவிச்சு மறியலுக்கு, ஜெயிலுக்குப் போய் 7 மாசம், அடுத்த மாசம் வாறான். சுத்தமா வாறான் எண்டு சந்தோசம்தான். என்ன கவனிக்கணும்? (வாழைச்சேனையில இருந்து ஒரு அண்ணன்)

பதில்: மனே, சந்தோசப்படுங்க, ஆனா முதல் ரெண்டு கிழமையும் கண்ண எடுக்காதிங்க. உடம்பு பழகின அளவ மறந்திட்டு, மனசு மறக்கல்ல, பழைய அளவ எடுத்தா மூச்சு நிண்டுரும். அமெரிக்காவில வொஷிங்டன் மாநிலத்தில மறியலால வந்த 30,000 பேரப் பாத்ததில, முதல் ரெண்டு கிழமைக்குள்ள அளவுக்கு மிஞ்சி எடுத்துச் சாகிற ஆபத்து மற்ற ஆக்கள விட 129 மடங்கு எண்டு 2007ல எழுதினாங்க. வீட்டில இருக்கிற எல்லாருக்கும் சொல்லி வைங்க, எழுப்ப ஏலாட்டி, குறட்டை மாதிரி மூச்சு இழுத்து உதடு நீலமாப் போனா, வெக்கம் பாக்காம ஆளச் சரிச்சுப் படுக்க வெச்சு 1990க்கு எடுங்க. கேஸ் வரும் எண்டு பயந்து தண்ணி ஊத்திட்டு இருந்தா நேரம் போயிரும்.

வந்த கிழமையே மனநல டொக்டரிட்ட கூட்டிட்டுப் போங்க, மருந்து தொடர்ந்து எடுக்கிற வழிய அவர் சொல்லட்டும். "சுத்தமா வந்தவனுக்கு என்னத்துக்கு மருந்து" எண்டு ஊரில கேப்பாங்க. சுவீடன்ல 40 பேர வெச்சு 2003ல பாத்தாங்க. பாதிப் பேருக்கு பியூப்ரெநோர்பின ஒரு வருசம் தொடர்ந்து குடுத்தாங்க, பாதிப் பேருக்கு ஆறு நாள் குடுத்துக் குறைச்சு நிப்பாட்டிட்டு சும்மா மாத்திரை, கவுன்சிலிங் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி. வருசம் முடிய மருந்துப் பக்கம் 75 வீதம் பேர் வைத்தியத்தில நிண்டாங்க, மற்றப் பக்கம் ஒருத்தரும் இல்ல, அதுல நாலு பேர் செத்திட்டாங்க. கேக்கிற ஆக்களுக்கு இதச் சொல்லுங்க.

கேள்வி: பேஸ்புக்ல ஒரு பவுடர் விக்காங்க, தேத்தண்ணியில தெரியாமக் கலந்து குடுத்தா குடிய வெறுத்துருவாராம். வாங்கவா?

பதில்: வேணாம். என்ன இருக்கு எண்டு தெரியாத பவுடர ஈரல் கெட்ட மனிசனுக்குக் குடுக்கிறதா? உண்மையான மருந்து ஒண்டு இருக்கு, டைசல்பிரம், டென்மார்க்ல ஹால்ட், யாகொப்சென் எண்ட ரெண்டு பேர் பூச்சி மருந்தா இருக்குமா எண்டு தாங்களே விழுங்கிப் பாத்து, பொறகு குடிச்ச நேரம் உடம்பு படபடத்து முகம் சிவந்து கண்டுபிடிச்சது, 1948ல வெளிய வந்திச்சு. அத எடுத்திட்டுக் குடிச்சா பிரசர் இறங்கி நெஞ்சு அடைக்கும், அதால ஆளுக்குச் சொல்லி, அவர் சம்மதிச்சு, குடிய விட்ட பொறகுதான் குடுக்கிறது. தெரியாமக் குடுத்து ஐசியுவில கொண்டு போய்ப் படுக்க வெச்ச குடும்பத்த நான் கண்டிருக்கன். அந்த மனிசன் பொறகு வீட்டில தேத்தண்ணியே குடிக்கல்ல.

கேள்வி: நான் சாராயத்த விட்டுட்டன் மிஸ்ஸி, இப்ப பியர் மட்டும்தான், ஒரு நாளைக்கு ஒரு போத்தல். பரவாயில்லதானே?

பதில்: எந்தப் பியர்? 8.8 வீதம் ஸ்ட்ரோங் எண்டா 625 மில்லி போத்தலுக்குள்ள சுத்த அற்ககோல் 43 கிராம் வருது. நீங்க விட்ட சாராயத்தில கால் போத்தல், 180 மில்லி, 33.5 வீதம், அதுக்குள்ள 48 கிராம் கிட்ட. வித்தியாசம் 4, 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி கிட்ட. மேல நேர்ஸ் தங்கச்சிக்குச் சொன்ன மூண்டு கேள்விய நீங்களே உங்களிட்ட கேட்டு, வந்த நம்பர எனக்கு அனுப்புங்க.